உப்பை மட்டும் எடுப்பது

தூத்துக்குடி உப்பளம் ஒன்றில், பாத்தியின் வரப்பில் குனிந்து ஒருவர் கண்ணாடி மிதவையை உப்புநீரில் விடுகிறார். மிதவையின் கழுத்தில் உள்ள கோடு 29 டிகிரியைக் காட்டுகிறது. உடனே வரப்பை வெட்டி, பாத்தியில் மிஞ்சிய நீரை வெளியே ஓடவிடுகிறார்கள். வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்து காய்ந்து இந்தப் பாத்திக்கு வந்து சேர்ந்த நீர் அது. மூல நீரில் இருந்த சோடியம் குளோரைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இன்னும் அதில் கரைந்தே இருக்கிறது. விட்டுவைத்தால் இன்னும் கொஞ்சம் உப்பு படியும். தெரிந்தேதான் விட்டுவிடுகிறார்கள்.

ஏன்?

கோடையில் வற்றும் எந்தக் கடலோரப் பாறைக்குழியிலும் உப்பு தானாக விளையும். அதற்கு மனித உழைப்பு வேண்டியதில்லை. ஆனால் குழியில் விளைவதை வாயில் வைத்தால் கசக்கும். மூட்டையில் கட்டினால் ஒழுகும். உப்பை எடுப்பது எளிது, உப்பை மட்டும் எடுப்பதுதான் அரிது. அந்த அரிய வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால், கரைசல், மூலக்கூறுகளுக்கிடையேயான விசை, வேதிச் சமநிலை ஆகிய மூன்றும் ஒரே பாத்தியில் சந்திப்பது தெரியும்.

கடலில் இருப்பது என்ன?

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் பல கடல்களின் நீரைச் சேகரித்து வந்தது. அவற்றில் 77 மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்த வேதியியலாளர் வில்லியம் டிட்மர் 1884-இல் முடிவை வெளியிட்டார். ஒரு கடலில் உவர்ப்பு கூடுதலாக இருக்கலாம், இன்னொன்றில் குறைவாக இருக்கலாம். ஆனால் கரைந்த முக்கியப் பொருள்களின் விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எடைக்கணக்கில் குளோரைடு 55 சதவீதம், சோடியம் 30.6, சல்ஃபேட் 7.7, மக்னீசியம் 3.7, கால்சியம் 1.2, பொட்டாசியம் 1.1.

இந்தப் பட்டியலில் 'சோடியம் குளோரைடு' என்ற பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ் 1880-களில் வாதாடி நிறுவியது இதைத்தான்: உப்பு நீரில் கரையும்போது நேர்மின் அயனியாகவும் எதிர்மின் அயனியாகவும் பிரிந்துவிடுகிறது. கரைசலில் எந்தச் சோடியமும் எந்தக் குளோரைடுக்கும் சொந்தமில்லை. குளோரைடு அயனி ஒன்று நாளை சோடியத்தோடும் படியலாம், மக்னீசியத்தோடும் படியலாம். யார் யாரோடு சேர்வது என்பது நீர் வற்றும்போதுதான் முடிவாகிறது. உப்பளத்தின் வேலை முழுவதும் அந்த முடிவை நமக்குச் சாதகமாகத் திருப்புவதே.

நீரின் பிடி

சோடியம் குளோரைடு படிகத்தின் உள்ளமைப்பை 1913-இல் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தார். அதில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சூழ்ந்திருக்கின்றன. 58.5 கிராம் எடையுள்ள ஒரு மோல் படிகத்தைத் தனித்தனி அயனிகளாகப் பிரித்து விலக்க ஏறத்தாழ 787 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இவ்வளவு இறுக்கமான கட்டமைப்பை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் சில நொடிகளில் கலைத்துவிடுகிறது.

நீரின் பலம் அதன் வளைவில் இருக்கிறது. நீர் மூலக்கூறில் ஆக்சிஜனின் இருபுறமும் உள்ள ஹைட்ரஜன்கள் நேர்கோட்டில் நில்லாமல் 104.5 டிகிரி கோணத்தில் மடங்கி நிற்கின்றன. எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்த முனை சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் முனைகள் சற்றே நேர்மின் தன்மையும் பெறுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றுவதே ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் வலிமை ஒரு மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல். மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டிவைத்திருக்கும் பிணைப்போ 460 கிலோஜூலுக்கு மேல். எளிதில் விட்டு, எளிதில் பற்றும் இந்த மெல்லிய பிடிதான் நீரைத் திரவமாக வைத்திருக்கிறது.

உப்புப் படிகத்தின் ஓரத்தை நீர் தொடும்போது, சோடியத்தை நோக்கி ஆக்சிஜன் முனைகளும் குளோரைடை நோக்கி ஹைட்ரஜன் முனைகளும் திரும்புகின்றன. ஓரத்திலுள்ள அயனி ஒவ்வொன்றாக விடுபட்டு, தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளோடு நகர்ந்து போகிறது. இதற்கு நீரேற்றம் என்று பெயர். நீரேற்றத்தால் கிடைக்கும் ஆற்றல், படிகத்தைப் பிரிக்கச் செலவான ஆற்றலுக்கு ஏறத்தாழ ஈடாகிறது. மோலுக்கு 4 கிலோஜூல் அளவே பற்றாக்குறை. அந்தச் சிறு குறையை நீர் தன் வெப்பத்திலிருந்து ஈடுசெய்வதால், உப்பைக் கரைத்த நீர் சற்றே குளிர்கிறது. ஆற்றல் கணக்கில் இலாபம் இல்லாதபோதும் உப்பு கரைவதற்குக் காரணம், அடுக்கி வைத்த ஒழுங்கிலிருந்து அயனிகள் எங்கும் பரவிக் கலக்கும் நிலைக்குப் போவதுதான். சிதறிக் கலப்பதை நோக்கிய இந்த இயல்பை என்ட்ரோபி என்ற அளவால் குறிக்கிறோம்.

இப்போது மக்னீசியத்தைப் பார்க்கலாம். அதன் அயனி சோடியத்தைவிடச் சிறியது, மின்னூட்டமோ இருமடங்கு. அதனால் நீரை அது பற்றும் ஆற்றல் சோடியத்தினதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் இறுக்கிக்கொண்டே நிற்கும். படிகமானாலும் அந்த ஆறையும் உடன் கொண்டே படியும். பாத்தியில் நடப்பவை அனைத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்திருந்தால் போதும்: சோடியம் நீரை விட்டுவிடும், மக்னீசியம் விடாது.

படியும் வரிசை

1849-இல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைப் படிப்படியாக ஆவியாக்கி, எந்தக் கட்டத்தில் எது படிகிறது என்று எடைபோட்டுப் பார்த்தார். நீர் பாதியளவு வற்றும்போது கால்சியம் கார்பனேட் படிந்தது. ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தபோது ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்ஃபேட். பத்தில் ஒரு பங்கை நெருங்கியபோது சோடியம் குளோரைடு. அதற்கும் பின்னால் மக்னீசியம், பொட்டாசியம் உப்புகள்.

உப்பளத்தின் அமைப்பு இந்த வரிசையையே நிலத்தில் வரைந்து வைத்தது போன்றது. கடல்நீரோ, தூத்துக்குடிப் பகுதியில் பெரிதும் பயன்படும் நிலத்தடி உப்புநீரோ முதலில் பெரிய தேக்கங்களில் நிற்கிறது. பிறகு ஒன்றிலிருந்து ஒன்றாக அடுத்தடுத்த பாத்திகளுக்கு நகர்கிறது. அளவிடும் மிதவை பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அளவுகோலைக் கொண்டது. தூய நீர் அதில் 0. கடல்நீர் சுமார் 3.5, உப்பு படியத் தொடங்குவது 25-ஐ ஒட்டி. கரைசல் அடர்த்தியாக ஆக மிதவை மேலே எழும். அந்த எழுச்சி ஒன்றே பாத்திக்குள் அயனிகள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறது.

வரிசையில் முதலில் வருவது கரைதிறன் மிகக் குறைந்தது. ஒரு லிட்டர் தூய நீரில் கால்சியம் கார்பனேட் சில மில்லிகிராம்களே கரையும். ஜிப்சம் இரண்டரை கிராம் அளவு. சோடியம் குளோரைடு 360 கிராம். இரண்டு மின்னூட்டம் கொண்ட கால்சியமும் இரண்டு மின்னூட்டம் கொண்ட கார்பனேட்டும் ஒன்றையொன்று இழுக்கும் விசை பெரிது. நீரின் பிடியால் அதை வெல்ல முடிவதில்லை.

ஆனால் தூய நீருக்கான எண்ணை அப்படியே பாத்திக்குப் பொருத்த முடியாது. மிதமான செறிவுள்ள உப்புக் கரைசலில் ஜிப்சம் தூய நீரில் கரைவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கரையும். கால்சியத்தைச் சுற்றிக் குளோரைடுகளும் சல்ஃபேட்டைச் சுற்றிச் சோடியங்களும் கூடி நிற்பதால், இரண்டுக்கும் இடையிலான ஈர்ப்பு மங்கிப்போகிறது. அயனிகளைச் சூழும் இந்த மின்மண்டலத்தை 1923-இல் டெபை, ஹுக்கெல் என்ற இரு அறிவியலாளர்கள் கணக்காக வடித்தனர். கரைசல் என்பது கூட்டம். கூட்டத்தில் நிற்கும் இருவரின் உறவு, தனித்து நிற்கும் இருவரின் உறவைப் போல இருப்பதில்லை. தூத்துக்குடிப் பாத்திகளின் அடியில் உப்புக்கு முன்னரே ஓடுபோலப் படியும் இந்த ஜிப்சத்தைச் சேகரித்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு விற்கிறார்கள்.

வெயில் ஏன் வேண்டும் என்பதற்கும் கரைதிறனே விடை சொல்லும். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், 100 கிராம் நீரில் 20 டிகிரி செல்சியஸில் 32 கிராமும், நீர் கொதிக்கும்போது 240 கிராமுக்கு மேலும் கரையும். அதைச் சூடான நீரில் கரைத்து ஆறவிட்டாலே படிகம் கொட்டும். சமையல் உப்போ 20 டிகிரியில் 36 கிராம், கொதிநிலையில் 39 கிராம். ஆறவைத்துப் பயனில்லை. நீரை அகற்றினால்தான் உப்பு வெளியே வரும். உப்பளங்கள் இவ்வளவு பரந்த நிலத்தில் விரிந்து கிடப்பதும், வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுபோவதும் இதனால்தான்.

ஏரிக்கரையில் பிறந்த கருத்து

பாத்தியில் முதல் படிகம் தோன்றும் நேரத்தில் கரைசல் தெவிட்டிய நிலையில் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு எதுவும் அசையவில்லை. உள்ளே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: படிகத்திலிருந்து அயனிகள் கரைகின்றன, கரைசலிலிருந்து அயனிகள் படிகின்றன. இரண்டின் வேகமும் சமமாக இருக்கும்வரை படிகத்தின் எடை மாறாது. கதிரியக்கச் சோடியம் கலந்த உப்பைத் தெவிட்டிய கரைசலில் போட்டால், உப்பின் எடை குறையாமலே கரைசலில் கதிரியக்கம் தோன்றும். நிற்பதாகத் தெரிவது இரண்டு ஓட்டங்களின் சமன்தான். இதை இயங்குச் சமநிலை என்கிறோம்.

வேதிவினைகள் இருதிசைகளிலும் நடக்கலாம் என்ற கருத்து மனித மனத்தில் உதித்ததும் ஓர் உப்புக்கரையில்தான். 1798-இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குச் சென்ற அறிஞர்களில் குளோத் பெர்தொலே என்ற வேதியியலாளரும் இருந்தார். கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள நாட்ரன் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் பாளம் பாளமாகப் படிந்திருப்பதை அவர் கண்டார். ஆய்வகத்தில் அவர் அறிந்த வினை இதற்கு நேர் எதிரானது: சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் சேர்ந்தால் சுண்ணாம்பு படியும், உப்பு கரைசலில் தங்கும். ஏரியிலோ உப்பும் சுண்ணாம்புக் கல்லும் வினைபுரிந்து சோடியம் கார்பனேட் விளைந்திருந்தது. அங்கே உப்பும் சுண்ணாம்பும் அளவின்றிக் குவிந்திருப்பதே வினையைத் திருப்பியிருக்கிறது என்று அவர் முடிவுசெய்தார். எந்தப் பொருள் எதனோடு சேரும் என்பதை அவற்றின் இயல்பான நாட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அளவும் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தை 1803-இல் நூலாக எழுதினார்.

அந்த எண்ணத்துக்கு நார்வேயின் குல்ட்பெர்க், வாகே இருவரும் 1864-இல் நிறைத்தாக்க விதி என்ற கணித உருவம் தந்தனர். 1884-இல் பிரான்ஸின் லெ சாட்லியே, சமநிலையில் உள்ள அமைப்பை ஒரு பக்கம் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையும் திசையிலேயே அது நகரும் என்று வகுத்தார். அதே ஆண்டில் நெதர்லாந்தின் வான்ட் ஹாஃப் மீள்வினைகளை இருதிசை அம்புக்குறிகளால் எழுதிக் காட்டினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குக் கிடைத்தது. பெர்லினுக்குக் குடிபெயர்ந்த பின் அவர் பல ஆண்டுகள் ஈடுபட்டது ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் நகரத்து உப்புப் படிவங்களில்: பழங்காலக் கடல் ஒன்று வற்றியபோது எந்த உப்பு எந்த நிலைமையில் எந்த வரிசையில் படிந்தது என்பதே அவர் ஆய்வு. ஏரிக்கரையில் தொடங்கிய கருத்து உப்புப் படுகைக்கே திரும்பி வந்தது.

வீட்டிலும் இந்தச் சமநிலையைக் காணலாம். கடினநீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. காய்ச்சும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. இழந்ததை ஈடுசெய்ய வினை அந்தத் திசையில் ஓடி, கால்சியம் கார்பனேட் வெள்ளைப் பூச்சாகப் பாத்திரத்தில் ஒட்டுகிறது. உப்பளத்தின் முதல் தேக்கத்தில் படிவதும் அதே பொருள், அதே காரணம்.

25 முதல் 29 வரை

இனி மிதவைக்குத் திரும்பலாம். 25 டிகிரியில் உப்பு படியத் தொடங்குகிறது. கரைதிறன் பெருக்கம் என்பது சோடியத்தின் செறிவையும் குளோரைடின் செறிவையும் பெருக்கினால் கிடைக்கும் ஓர் எல்லை. அதைத் தாண்டினால் மிகுதி படிகமாகும். சோடியம் உப்பாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. மக்னீசியம் வெளியேறாமல் செறிந்துகொண்டே போகிறது, தனக்கு இணையான குளோரைடையும் கரைசலில் தக்கவைத்துக்கொள்கிறது. குளோரைடு கூடக்கூட, கரைந்து நிற்கக்கூடிய சோடியத்தின் அளவு குறைகிறது. இதுவே பொது அயனி விளைவு. ஆக, இந்தக் கட்டத்தில் மக்னீசியம் உப்பு விளைச்சலுக்குத் துணைநிற்கிறது.

துணை எதுவரை என்பதுதான் கேள்வி. 29-ஐ நெருங்கும்போது நீர் மூல அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அதற்கேற்ப மக்னீசியம் இருபத்தைந்து மடங்குக்கு மேல் செறிந்திருக்கும். அது இன்னும் தனிப் படிகமாகவில்லை. ஆனால் உப்புப் படிகங்களின் மேல் பூச்சாக ஒட்டுகிறது, உள்ளேயும் புகுகிறது. நீர் மேற்பரப்பில் ஆவியாவதால் உப்பு அங்கேயே மெல்லிய படலமாகத் தோன்றி, விளிம்புகள் உயர்ந்து, நடுவில் குழிந்து வளர்கிறது. வேகமாக வளரும் படிகம் இப்படி விடும் குழிகளில் கரைசல் துளி துளியாகச் சிறைப்படும். கண்ணேறு கழிக்க உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடும்போது கல்லுப்பு படபடவென்று வெடிப்பது இந்தச் சிறைப்பட்ட நீரால்தான்; சூட்டில் அது ஆவியாகிப் படிகத்தைப் பிளக்கிறது.

ஆகவே 29-க்குப் பின் கிடைக்கும் ஒவ்வொரு கைப்பிடி உப்போடும் கசப்பு கூடுதலாகச் சேரும். இந்தியாவில் உண்ணும் உப்பில், ஈரம் நீக்கிய எடையில் 96 சதவீதமாவது சோடியம் குளோரைடாக இருக்க வேண்டும் என்பது விதி. வரப்பை வெட்டும் கை அந்தத் தரத்தைப் பாத்தியிலேயே காக்கிறது.

வற்றாத நீர்

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கடைசிச் சொட்டுவரை வற்றிவிடும் என்று தோன்றும். வற்றாது.

கரைசலின் மேற்பரப்பிலும் ஒரு சமநிலை இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் காற்றுக்குப் போகின்றன, காற்றிலிருந்து திரும்பியும் வருகின்றன. கரைந்த அயனிகள் நீரைப் பற்றியிருப்பதால் வெளியேறுவது குறைகிறது. தெவிட்டிய சமையல் உப்புக் கரைசல், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் வற்றும். அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து நீரை வாங்கத் தொடங்கும். தெவிட்டிய மக்னீசியம் குளோரைடுக்கு அந்த எல்லை 33 சதவீதம். கடலோரக் காற்று அவ்வளவு உலர்வது அரிது. எனவே கடல்நீரைக் கடற்கரையில் வெயிலில் முழுவதும் காயவைக்க முடியாது. ஒரு கட்டத்துக்குப் பின் நீர், மக்னீசியத்தின் பிடியிலிருந்து விடுபடாது.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி ஈரமாகிப்போவதும் இதனால்தான். தூய சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதம்வரை உலர்ந்தே இருக்கும். அதில் ஒட்டிய சிறிதளவு மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிகிறது. உப்பளத்தில் இதையே நன்மையாக மாற்றிக்கொள்கிறார்கள். வாரிய உப்பைக் குவித்து வைத்தால், ஈரம் வாங்கிய மக்னீசியம் கரைந்து அடியில் வடிந்துவிடும். ஆலைகளில் உப்பைத் தெவிட்டிய உப்புநீரால் கழுவுவதும் உண்டு. அந்த நீர் ஏற்கெனவே உப்போடு சமநிலையில் இருப்பதால் உப்பை மேலும் கரைக்காது. மக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டு போகும்.

விலக்கிய நீரில் மிஞ்சியது

வெளியேற்றப்படும் கசப்பு நீர் வீண் பொருளும் அல்ல. 1826-இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் இளைஞர் அந்துவான் பலார், உப்பளத்துக் கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தியபோது செம்பழுப்பு நிறத் திரவம் ஒன்றைப் பிரித்தார். அதுவே புரோமின் என்ற தனிமம். ஜப்பானில் சோயாப்பாலைத் திரித்து டோஃபு செய்வதும் இத்தகைய கசப்பு நீரைக் கொண்டுதான். பாவ்நகரில் 1954-இல் தொடங்கிய மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நீரிலிருந்து பொட்டாசியம் உரத்தையும் மக்னீசியச் சேர்மங்களையும் பெறும் வழிகளை ஆராய்ந்து வந்திருக்கிறது. உப்புக்கு மாசாக இருப்பது இன்னொரு பாத்தியில் விளைபொருள் ஆகலாம். எதை எப்போது பிரிக்கிறோம் என்பதே வேறுபாடு.

பாத்தியில் இறங்கி நிற்பவரின் உடலும் இந்த வேதியியலுக்குள்தான் இருக்கிறது. செறிந்த உப்புநீர் தோலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. வான்ட் ஹாஃப் ஆராய்ந்த சவ்வூடு பரவலின் விதி அது. உப்பளத் தொழிலாளரின் பாதங்கள் வெடிக்கின்றன, வெண்மையில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைத் தாக்குகிறது. ஒரு கிலோ உப்பின் விலையில் இந்தக் கணக்கு சேர்வதில்லை. சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் செய்வதை உடலுழைப்பு என்று மட்டும் சொல்லிக் கடப்பதும் நியாயமில்லை. நீரின் நிறம், படிகத்தின் பருமன், காற்றின் ஈரம் ஆகியவற்றைப் பார்த்து, சமநிலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அன்றாடம் தீர்மானிக்கிறார்கள். உசிக்லியோ தராசில் எடைபோட்டு அறிந்த வரிசை அவர்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது.

பள்ளியில் சமநிலையைச் சமன்பாடாகக் கற்பிக்கிறோம். மாணவர் அம்புக்குறிகளை மனப்பாடம் செய்கிறார். அதே அம்புக்குறிகள் ஒரு பாத்திக்குள் ஓடுவதை ஒருமுறை பார்த்தால் அவை மறக்காது. 25-இல் காத்திருக்க வேண்டும், 29-இல் விட்டுவிட வேண்டும். இன்னும் நான்கில் ஒரு பங்கு உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் வரப்பை வெட்டும் அந்த முடிவால்தான், நம் வீட்டு ஜாடியில் கசப்பு நீங்கிய உப்பு இருக்கிறது.